மூன்று கோட் மஞ்சள்

"என்ன வேணும் சார்?"

கூடப் பிறந்த அண்ணனைப் பார்த்துத்தான் அவள் அப்படிக் கேட்டாள்.

"சாரா? அண்ணன்னு கூப்பிட வாய் வரலையா பாப்பா?"

"கடைக்கு வர்றவங்க எல்லாரும் எனக்கு சார்தான். என்ன வேணும்?"

பெஞ்சில் காத்திருந்த டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் ஒரு சாக்கை மேசைமேல் கொட்டினான். வெடித்த ஹப், அதில் சக்கரத்தை நட்டுப் போட்டுப் பிடிக்கிற, பாதியில் முறிந்த ஸ்டட்கள், கருகிப்போன ஒரு பேரிங்.

"டிரெய்லர்ல பின் சக்கரம் ஒண்ணு கழண்டு ஓடிருச்சு. காலி வண்டியை மூணு சக்கரத்துல உருட்டிக்கிட்டு வந்து உன் வாசல்ல நிறுத்தியிருக்கேன். சாயங்காலம் லோடு ஏத்தணும். மூணு கடை ஏறி இறங்கிட்டேன். இந்த சைஸ் உன்கிட்டதான் இருக்குன்னாங்க."

"கழண்ட சக்கரம் எங்க போய் நின்னுச்சு?" என்றார் பெஞ்சிலிருந்த ஒரு நெட்டை டிரைவர்.

"ஒரு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவர்ல."

பேரிங் நம்பரைத் தேடித் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "உள்ள பிள்ளைங்க?"

"லீவு."

கை மறுபடி துடைத்தது.

நான்கு வருடத்துக்கு முன் இதே அண்ணனின் வேறொரு டிரெய்லரில் இதே மாதிரி ஒரு சக்கரம் கழன்றது. மாட்டியது, அப்போது பட்டறை வைத்திருந்த அவள் புருஷன். எடை மேடையில் ஊர்பட்ட வண்டிக்காரர்கள் நடுவில் நின்று, "என் தங்கச்சி புருஷனுக்கு ஒரு நட்டு ஒழுங்கா முடுக்கத் தெரியாதுய்யா" என்று அண்ணன் கத்தினான். ஒரே மாதத்தில் பட்டறை காலி. இப்போது புருஷன் ஒரு கிடங்கின் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறார். வீட்டில் குழாய் ஒழுகினால்கூட ஆளைக் கூப்பிடச் சொல்கிறார். ஸ்பேனரைக் கையால் தொடுவதில்லை. அந்தப் பட்டறையைத்தான் அவள் இந்த உதிரிபாகக் கடையாக மாற்றியிருக்கிறாள்.

"ரிம்மைக் கொண்டு வாங்க."

"அது எதுக்கு? ரிம் நல்லாத்தான் இருக்கு."

"நட்டு உக்கார்ற இடத்தைப் பாக்காம நான் ஸ்டட் தர்றதில்ல."

"ஆமாங்க," என்றார் நெட்டை. "நேத்து என்னையும் ரிம்மை உருட்டிட்டு வரச் சொன்னாங்க."

அண்ணன் முணுமுணுத்தபடி வெளியே போனான். அவள் அலமாரியைத் திறந்தாள். இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் சரியான ஸ்டட். இன்னொன்றில் அதே நீளம், அதே மரை, ஹப்புக்குள் பிடிக்கும் பல் மட்டும் அரை மில்லி சிறிசு. மாட்டும்போது தெரியாது. ஓடும்போது தெரியும். அவள் விரல் அந்தப் பெட்டிமேல் கொஞ்ச நேரம் கிடந்தது. சக்கரம் கழலும்போது பக்கத்தில் நின்று பார்க்க முடியாதே என்று நினைத்தாள். சரியான பெட்டியை எடுத்தாள். புருஷனுக்குப் போன் போட்டு, "உடனே கடைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

ரிம் உருண்டு வந்து மேசையில் சாய்ந்தது. பளபளக்கும் மஞ்சள்.

"யார் மாட்டினது?"

"நானேதான். அன்னைக்கப்புறம் வேற யாரையும் நம்புறதில்ல."

"எப்படி முடுக்கினீங்க?"

"டார்க் ஸ்பேனர் வச்சு. இறுக்கம் சரியானா டக்குன்னு சத்தம் வரும். அது வர்ற வரைக்கும், ஆறு நட்டையும்."

"ஒண்ணு விட்டுப்போயிருக்குமோ?"

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"அப்ப நட்டு முடுக்கத் தெரிஞ்சவருதான். பின்ன ஏன் கழண்டுச்சு?"



அவள் கத்தியை எடுத்து நட்டு உட்காரும் ஓட்டையைச் சுற்றிச் சுரண்டினாள். மஞ்சள் சுருள் சுருளாக வந்தது.

"எத்தனை கோட் பெயிண்ட்?"

"மூணு. என் வண்டிங்க கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும், எல்லாருக்கும் தெரியும்."

"மாட்டறதுக்கு முன்னாடியே அடிச்சதா?"

"பின்ன? மாட்டினப்புறம் பின்பக்கம் எப்படி அடிக்கிறது?"

"சார், உங்க ஸ்பேனர் டக்குன்னது இரும்புமேல இல்ல, பெயிண்ட்மேல. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல பெயிண்ட், நட்டுக்கு அடியிலயும் பெயிண்ட். ஓடிச் சூடேறினா நசுங்கி வெளிய வந்துரும். நட்டு தொளதொளன்னு ஆயிரும். எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் முடுக்கினாலும் அதே கதிதான்."

பின்சுவர் ஆணியிலிருந்து ஒரு பழைய ரிம்மை இறக்கிப் பக்கத்தில் வைத்தாள். அதே மஞ்சள். ஓட்டைகளைச் சுற்றி அதே நசுங்கிய வளையம்.

"இது நாலு வருஷத்துக்கு முந்தி கழண்டு, இங்கயே கிடந்தது. யாருதுன்னு தெரியுதா?"

பெயிண்ட் விஷயம் அவளுக்கு இரண்டு வருடமாகவே தெரியும். வேறொரு வாடிக்கையாளரின் ரிம்மில் கண்டுபிடித்தது. அண்ணனுக்குப் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் கையாலேயே மாட்டியது அவனிடமே கழலட்டும் என்று இருந்தாள்.

நெட்டை இரண்டு ரிம்மையும் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அடப்பாவமே. அந்த மனுஷனைப் போயி…"

"சரி பாப்பா. மாப்பிள்ளை மேல தப்பில்ல. போதுமா?"

"காதுல விழல. எடை மேடையில நல்லா சத்தமாத்தானே சொன்னீங்க?"

"மாப்பிள்ளை மேல தப்பில்ல!" அண்ணன் கத்தினான். வெளியே நின்ற வண்டிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். "இப்ப ஸ்டட்டைக் குடு."

"மிச்சம் மூணு சக்கரம் இருக்கே. அதுவும் இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. அதையும் கழட்டி, நாலையும் சுரண்டி இரும்பைக் காட்டுங்க. தர்றேன்."

"ஆள் அனுப்புறேன்."

"ஆள் வேணாம். நீங்க, உங்க கையால, என் வாசல்ல."

கத்தியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

உச்சி வெயிலில் அண்ணன் சப்பணம் போட்டு உட்கார்ந்து சுரண்டினான். போகிற வருகிற டிரைவர்கள் காரணம் கேட்டார்கள். நெட்டை ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். சொல்லச் சொல்ல கதை நீண்டுகொண்டே போனது. நடுவில் புருஷன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்னடி இது? உங்கண்ணன் ஏன் தரையில…"

"ரெண்டு ரிம்மையும் பாருங்க."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ளை," அண்ணன் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "கொப்பளிச்சிருச்சு. அவதான் பிடிவாதக்காரி. நீங்களாவது போதும்னு சொல்லுங்க."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதர் போதும் என்றுதான் சொல்வார். பிறந்ததிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

புருஷன் குந்தி உட்கார்ந்தார். ஒரு ஓட்டைக்குள் கட்டைவிரல் நகத்தை விட்டு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். நகத்தில் மஞ்சள்.

"இல்ல மச்சான். உள்ள இன்னும் இருக்கு."

அவள் ஸ்டட் பெட்டியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தினாள்.