கொரியக் காதலில் பிரேக் இருக்கும் இடம்

லிஃப்ட் மெக்கானிக் தன் மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் மாலை வேலையிலிருந்து பகல் வேலைக்கு மாறினார். வீட்டில் அதைச் சொல்ல வெட்கம். "கம்பெனியில மாத்திட்டாங்க" என்று சொல்லிவைத்தார். இத்தனை வருடமும் ஊரே வீடு திரும்பும் நேரத்தில் அவர் யாருடைய கட்டடத்திலோ நடுவழியில் நின்ற லிஃப்டின் கதவை நெம்பிக்கொண்டிருந்தார். இனி மனைவி பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம். ஆசை அவ்வளவுதான்.

சோபாவில் இடமில்லை. ஒரு முனையில் மனைவி, மறுமுனையில் மேல்மாடியில் குடியிருக்கும் மைத்துனி, நடுவில் கடலைக் கிண்ணம். எதிரே டிவியில் கொரியன் காதல் தொடர்.

"மாமா, மறைக்குது," என்றாள் மைத்துனி.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் மழை கொட்டியது. ஏதோ கம்பெனி முதலாளியின் மகன், குடையை முழுக்கப் பக்கத்தில் நின்ற பெண்ணின் பக்கம் சாய்த்துவிட்டு, தான் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தான்.

"குடையை நேரா பிடிச்சா ரெண்டு பேருமே நனைய மாட்டாங்களே?"

இரண்டு தலைகள் ஒன்றாகத் திரும்பின.

"அதுதாங்க காதல்," என்றாள் மனைவி.

"சளி பிடிக்குமே."

"பிடிக்கும். அடுத்த எபிசோட்ல காய்ச்சல் வரும். அவ வந்து கஞ்சி வச்சுக் கொடுப்பா," என்றாள் மைத்துனி.

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடை சாய்ந்தால் சளி, சளி பிடித்தால் கஞ்சி, கஞ்சி வந்தால் அவள் அவன் வீட்டுக்குள். ஒரு பல் சக்கரம் இன்னொன்றைத் திருப்புகிறது! அவருக்கு உடனே மரியாதை வந்துவிட்டது.

அந்த மரியாதை கொஞ்ச நேரம்தான் நீடித்தது. அடுத்த காட்சியில் அந்த இரண்டு பேரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். கும்மிருட்டு. அவள் நடுங்கினாள். அவன் அவளை அணைத்துக்கொண்டு ஏதோ மெல்லச் சொல்ல ஆரம்பித்தான்.

"லைட் எங்க?" மெக்கானிக் எழுந்தேவிட்டார். "கரண்ட் போனா எமர்ஜென்சி லைட் எரியணும்! பேட்டரியை எந்தப் புண்ணியவான் செக் பண்ணினான்? அலாரம் பட்டன் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, அதை அமுக்காம அவ மூஞ்சியையே பார்த்துட்டு நிக்கிறான் பாரு!"

அந்தக் காட்சிக்காக அக்காவும் தங்கையும் வாரக் கணக்கில் தவம் கிடந்தவர்கள். மனைவி டிவியை நிறுத்தினாள்.

"அடுப்புல பருப்பு வெந்துடுச்சான்னு பாருங்க."

"அடுப்புல ஒண்ணுமே இல்லையே."

"அப்போ வச்சுட்டுப் பாருங்க."

மறுநாள் சமாதானப் பேச்சு நடந்தது. ஓர் எபிசோட் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தால் சோபாவில் இடம். கடலைக் கிண்ணம் மைத்துனி மடிக்கு மாறியது. மெக்கானிக் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து, ஓடுகிற மோட்டாருக்குக் காது கொடுப்பதுபோல் தொடரைக் கவனித்தார். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் தடுக்கி விழ, அவன் தாங்கினான். அதை மூன்று பக்கத்திலிருந்து காட்டினார்கள். முகமும் முகமும் நெருங்கின. யாரோ கதவைத் திறந்தார்கள். மறுபடி நெருங்கின. அவள் அம்மா வந்தாள். மூன்றாம் முறை நெருங்கியபோது அவரால் முடியவில்லை.

"இப்போ போன் அடிக்கும் பாரு!"

அடித்தது.

"நம்ம லிஃப்ட் பிரேக்கேதான்!" துள்ளினார். "லிஃப்ட் அளவுக்கு மீறி வேகமா இறங்கினா, மேல சுத்துற ஒரு சக்கரம் அதைக் கண்டுபிடிச்சிடும். உடனே கீழ இருக்கிற பிரேக் தண்டவாளத்தைக் கவ்விப் பெட்டியை நிறுத்திடும். இங்கேயும் அதேதான். காதல் வேகம் எடுத்தா போன் அடிக்கும். இல்லேன்னா முதல் எபிசோட்லயே கதை தரையில மோதிடுமே!"

"சஸ்பென்ஸ் போச்சு. எழுந்திரிங்க மாமா," என்றாள் மைத்துனி. கிண்ணம் பழைய இடத்துக்கு வந்தது.

மனைவி சிரிக்கவில்லை. "உங்களுக்கு எல்லாமே மெஷின்தான். நேத்து லிஃப்டுக்குள்ள அவன் அவகிட்ட என்ன சொன்னான்னு காதுல விழுந்துச்சா?"

விழவில்லை. அவர் விளக்கைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவரை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த வார இறுதியில் இருவரும் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அவர்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே குலுங்கி நின்றது. எமர்ஜென்சி லைட் ஒழுங்காக எரிந்தது. கோளாறு என்னவென்று நின்ற சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓடும்போதே கதவு லேசாக விலகிவிட்டது. சேராத கதவோடு லிஃப்ட் நகராது. உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் கிளம்பிவிடும். கை தானாகவே கதவை நோக்கிப் போயிற்று.

மனைவி மூலையில் சாய்ந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"என்ன கோளாறுங்க?"

"தெரியல."

தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் சொல்லாத சொல் அது.

"உங்களுக்கே தெரியலையா?"

"பெரிய கோளாறு போலிருக்கு. நேரமாகும்."

"அலாரம்?"

"அதுவும் போச்சு போல."

அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே அலாரம் பட்டன் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. மனைவி அதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு அந்தப் பையன் என்னதான் சொன்னான்?"

"அவன் சொன்னது எதுக்கு? நீங்க சொல்லுங்க."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "இந்தப் பகல் வேலை... கம்பெனியில மாத்தல. நானேதான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். எதுக்குன்னா, சாயங்காலத்துல உன் பக்கத்துல..."

காய்கறிப் பைக்குள் மனைவியின் போன் அலறியது. தொடர் ஆரம்பித்துவிட்டது, மைத்துனிதான் கூப்பிடுகிறாள்.

"பார்த்தியா," என்று பெருமூச்சு விட்டார். "பிரேக் பிடிச்சிடுச்சு."

மனைவி கத்திரிக்காய்களுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் போனை வெளியே எடுத்தாள். அதை அணைத்து மறுபடி உள்ளே போட்டாள். அவர் பார்த்தவரை எந்தக் கதாநாயகியும் அப்படிச் செய்யவில்லை.

"ம்," என்றாள். "பக்கத்துல?"