பதினோராம் கேள்வி

விண்ணப்பப் படிவத்தின் பத்துக் கேள்விகளை பத்ருன்னிசா அரை மணி நேரத்தில் எழுதி முடித்தாள். பதினோராம் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. கடைசியாகப் படித்ததற்கும் இப்போது படிக்க விரும்புவதற்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதன் காரணத்தை எழுதவும் என்று கேட்டு, நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள்.

அவள் கீழக்கரையில் பிளஸ் டூ முடித்தது எண்பத்தெட்டில். இப்போது இரண்டாயிரத்து நாலு. ஊரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் தபால் வழி பி.ஏ. வகுப்புகளுக்குத் துபாயில் மையம் திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானே போன் செய்து வரவழைத்த படிவம் அது. யோசித்துப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்: திருமணம்.

மூத்த மகள் நஜீஹா எட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது படிப்பவள்.

"ரொம்ப ஷார்ட்டா இருக்கும்மா. எங்க ஸ்கூல்ல சீனியர்ஸ் கேப் இயர்னு எடுப்பாங்க. ஒரு வருஷம் ஊர் சுத்திட்டு வந்து அதைப் பத்தி அழகா எழுதுவாங்க. நீங்க எங்கெல்லாம் போனீங்கன்னு எழுதுங்க."

பத்ருன்னிசா எண்ணிப் பார்த்தாள். பதினாறு வருடத்தில் கீழக்கரையிலிருந்து துபாய்க்குப் பக்கத்து ஊரான அஜ்மானுக்கு வந்திருந்தாள். அஜ்மானில் ஒரு பிளாட்டிலிருந்து எதிர்ப் பிளாட்டுக்கு மாறியிருந்தாள்.

துபாயின் தேரா பகுதியில் மசாலாக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் கௌஸ் முகைதீன், கடையிலிருந்து வந்ததும் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அந்த ஒற்றை வார்த்தையிடம் வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இதைப் படிக்கிறவர்கள் தான்தான் அவளைத் தடுத்து வைத்ததாக நினைப்பார்களே என்றார். அப்படி எழுதவில்லையே என்றாள் அவள். அவர், ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுப்பதுதான் மரியாதை, தன் கடைக்குப் பக்கத்திலேயே டைப்பிங் சென்டர் இருக்கிறது, அங்கே டைப் அடிக்கும் யஹ்யா பாய் பார்த்துக்கொள்வார் என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டைப் அடிப்பதற்கான வெற்றுப் படிவத்தில் அவளும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

பத்து நாளில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வியாழக்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் கௌஸ் முகைதீனே அவளை காரில் அழைத்துப் போனார். பெருநாள் தவிர அவர் கடை அடைத்து அவள் பார்த்ததில்லை. மையத்தில் அவர் வெளியே சோபாவில் உட்கார்ந்துகொள்ள, அவள் மட்டும் உள்ளே போனாள்.

அட்மிஷன் பார்க்கும் சுசீலா மேடம் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏ.சி. குளிர் அதிகமோ என்று கேட்டு அதைக் குறைத்தார். வெந்நீர் வரவழைத்தார். படிப்பவர்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று பத்ருன்னிசாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பதினாறு வருஷம். எப்படித்தான் தாங்கினீங்களோ" என்றார் மேடம்.

கல்யாணத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தாள். "ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருந்துச்சு மேடம். அப்புறம் பழகிப்போச்சு."

"இப்ப குணம் எப்படி?"

"குணம் தங்கமான குணம். கோபம்தான் கொஞ்சம் வரும். அதுவும் பசி வந்தா மட்டும்."

மேடம் அதைக் குறித்துக்கொண்டார். "டாக்டர் என்ன சொல்றார்?"

"டாக்டர் இல்லீங்க. மசாலாக் கடை வச்சிருக்காங்க."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மேடம் படிவத்தை அவள் பக்கம் திருப்பி, பதினோராம் கேள்விக்கு நேரே விரலை வைத்தார். நீண்ட கால நோயினால் படிப்பைத் தொடர முடியவில்லை என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. மருத்துவச் சான்றிதழ் ஒன்று இணைத்தால் போதும், மற்றதெல்லாம் சரி என்றார் மேடம்.

பத்ருன்னிசா கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். கௌஸ் முகைதீன் சுவரிலிருந்த காலண்டரை மிகவும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அவரை உள்ளே கூப்பிட்டாள். "எனக்கு என்ன நோவு? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவர் முதலில் யஹ்யா பாய் மேல் பழி போட்டார். விடுமுறைக்கும் விசாவுக்கும் யஹ்யா பாய் எழுதுகிற வாசகம் அதுதானாம். இதுவரை யாருடைய காகிதமும் திரும்பி வந்ததில்லையாம். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நிக்காஹ் பேசும்போது உங்க வாப்பா கேட்டாங்க, மேல படிக்க வைப்பீங்களான்னு. படிக்கட்டும் மாமான்னு சொன்னேன். நாலு மாசத்துல விசா வந்துருச்சு. அப்புறம் நீயும் கேக்கலை, நானும் பேசலை. இப்ப இந்தக் காகிதம் கேக்குது. என்னத்தைச் சொல்ல?"

இதை அவர் இத்தனை வருடமும் ஞாபகம் வைத்திருப்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அவளே பாதி மறந்திருந்தாள்.

பொய் எழுதிய படிவத்தைத் தன்னால் ஏற்க முடியாது என்றார் சுசீலா மேடம். கண்டிப்பாகச் சொல்ல முயன்றார், ஆனால் குணத்தைப் பற்றி எழுதிய குறிப்பு கண்ணில் பட்டதும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். புதுப் படிவம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, இங்கேயே, தமிழிலேயே எழுதுங்கள் என்றார்.

பத்ருன்னிசா எழுதினாள். நான்கு வரி போதாமல் பின்பக்கமும் போயிற்று. பதினெட்டு வயதில் கல்யாணமானதை எழுதினாள். மூன்று பிள்ளைகளோடு ஐந்தாம் வகுப்பை மூன்று தடவை படித்ததையும், மூன்றாம் தடவைதான் பின்னக் கணக்கு பிடிபட்டதையும் எழுதினாள். நஜீஹாவின் வரலாற்றுப் புத்தகத்தை அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் எடுத்துப் படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவதையும் விடவில்லை. கடைசியில், 'என் கணவர் என்னைத் தடுக்கவில்லை. அனுப்பவும் இல்லை' என்று முடித்தாள்.

கௌஸ் முகைதீன் அதை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"அந்தக் கடைசி வரி வேணுமா?" என்று கேட்டார்.

"வேணும்."

"சரி. இருக்கட்டும்" என்று அவரே படிவத்தை மேடத்திடம் நீட்டினார்.

இடம் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலைகளில் வகுப்பு. அந்த நேரத்தில் வீட்டுச் சமையல் கௌஸ் முகைதீன் பொறுப்பானது. முப்பது வருடமாக ஏலமும் பட்டையும் விற்றவர் நெய்ச்சோற்றில் அவற்றை அளவில்லாமல் போட்டார். முதல் மாதம் பிள்ளைகள் சோறு தின்றதைவிடப் பட்டையை ஒதுக்கியதுதான் அதிகம்.

முதல் வருடத் தேர்வில் வரலாற்றில் எழுபத்திரண்டு வந்தது, ஆங்கிலத்தில் நாற்பத்தொன்று. அந்த வாரமே நஜீஹாவின் ரிப்போர்ட் கார்டும் வந்திருந்தது. கௌஸ் முகைதீன் மேஜையில் உட்கார்ந்து மகளின் கார்டில் கையெழுத்துப் போட்டார். அடுத்து மனைவியின் மதிப்பெண் பட்டியலை எடுத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதில் எங்கே போடவேண்டும் என்று தேடினார்.

அவள் அதை அவர் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள். இதற்கு வாப்பா கையெழுத்து தேவையில்லை என்று நஜீஹா விளக்கிச் சொன்னாள்.