முந்திக்கொண்ட குலவை

எழுதிப் பழகாதவள் கதை சொல்லத் துணிந்ததைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். ஆய்வேடு தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை; அதிலும் ஓர் அத்தியாயத்தை நீக்கச் சொன்னார்கள்.

எங்களுடையது துனீசியாவின் கடற்கரை ஊர். சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலைக்கான வாய்மொழித் தேர்வன்று குடும்பமே மண்டபத்துக்கு வந்துவிடும். முடிவை அறிவித்ததும் தாய் குலவையிடுவாள், பிறகு இனிப்பு. விரிகுடாச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கி என்னைப் படிக்கவைத்த அம்மா ஸுஹைரா, மடியில் பக்லாவா இனிப்புத் தட்டுடன் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். தேர்வு நடந்த பிரெஞ்சு மொழி அவருக்குத் தெரியாது.

ஜீன்ஸ் சலவை ஆலையின் கழிவால் அந்தச் சேற்றில் மட்டி அழிந்ததை என் மூன்றாம் அத்தியாயம் நிறுவியிருந்தது. எங்கள் ஆய்வகத்துக்குக் கருவிகள் வாங்கித் தந்ததும் அதே ஆலைதான்.

தேர்வுக்குழுத் தலைவர் ஷாத்லி கனிவாகவே பேசினார். “அந்த அத்தியாயத்த மட்டும் எடுத்துடும்மா. மிச்சமெல்லாம் தங்கம். முதல் வகுப்பு உண்டு, முனைவர் படிப்புக்கு இடமும் உண்டு. பிடிவாதம் ரொட்டியாகுமா?”

“மன்னிக்கணும் உஸ்தாத்,” என்றேன். அதற்குமேல் பிரெஞ்சு வரவில்லை. வீட்டில் பேசும் அரபுதான் வந்தது. “எடுக்க மாட்டேன். மட்டி செத்தது நெசம். அதப் பொறுக்குனவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்க மூஞ்சியப் பாத்து, சாகலன்னு எப்படிச் சொல்லுவேன்?”

அன்று அம்மாவுக்குப் புரிந்த முதல் பேச்சு அது. என் குரலின் உறுதியைக் கேட்டு, தேர்வே முடிந்ததென்று எண்ணிவிட்டார். எழுந்து நின்று குலவையிட்டார். சேற்றில் அவருடன் வேலை செய்த பெண்கள் பின்வரிசையிலிருந்து சேர்ந்துகொண்டார்கள்.

தலைவர் மேசையைத் தட்டினார். “உக்காருங்கம்மா! இன்னும் முடிவே சொல்லல!” இம்முறை அவரும் அரபில்தான் பேசினார்.

“நீங்க வேற எதுக்குச் சொல்லணும்? அதான் எம்பொண்ணு சொல்லிட்டாளே!”

“அவருக்கும் ஒரு துண்டு குடுடி ஸுஹைரா, வாய் கசக்குது போல!” என்றார் பின்னிருந்த பெரியம்மா.

குழு வெளியே சென்று திரும்பியது. அத்தியாயத்தை நீக்கும்வரை பட்டம் நிறுத்திவைக்கப்படுகிறது என்றார்கள். அம்மாவின் காதில் சொன்னேன்.

“எடுத்தா குடுத்துருவாங்களா?”

“குடுத்துருவாங்கம்மா.”

“எடுக்காத,” என்றார். தட்டைத் திறந்து, தலைவரிலிருந்து தொடங்கி, எல்லோருக்கும் பக்லாவா கொடுத்தார்.

ஒரு வரியும் மாற்றாமல் ஏட்டை மறுபடியும் அளித்திருக்கிறேன்.

இழந்தவை: முதல் வகுப்பு. முனைவர் படிப்புக்கான இடம். ஆய்வகத்தின் சாவி. அம்மாவின் தொழில். விரிகுடாவின் மட்டி, முழுவதும்.