தெமொரா என்று சொன்னாளாம்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கொழும்பிலிருந்து வரும் பெண்கள் சஞ்சிகை ஒன்று, 'விலையுயர்ந்த செண்ட்களில் சில மட்டும் ஏன் அமோகமாக விற்கின்றன?' என்று எழுதித் தரும்படி கேட்டிருந்தது. எனக்கோ வருடத்தில் பாதி நாள் மூக்கடைப்பு. செண்டைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியில்லாத ஆள் பதுளை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்றாள் மனைவி. அந்த ரோசத்தில்தான் ஒப்புக்கொண்டேன்.

போத்தலின் அழகு, விளம்பரத்தில் வரும் முகம், வாயில் நிற்கும் பெயர், பூசியவுடன் எழும் முதல் வாசம் என்று நான்கு பந்தி எழுதினேன். எல்லாம் சரியான காரணங்கள்தான். வாசித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. ஆகவே கட்டுரையை மூடிவிட்டு ஒரு கடையைத் திறந்து, அதில் றின்ஸா என்ற பெண்ணை உட்கார வைத்தேன். (பஜார் பக்கம் போய்த் தேடாதீர்கள். கடைக்கு இன்னும் கூரைகூடப் போடவில்லை.)

2

முதல் தொடக்கம்:

அப்புத்தளை முகட்டில் பனிமூட்டம் இறங்கிய ஒரு மாலைப்பொழுதில், கொழுந்தின் வாசம் காற்றில் மெல்ல மெல்ல...

வேண்டாம். மலையகம் என்றதும் பேனா தானாகவே பனிமூட்டத்துக்குள் போய்விடுகிறது. அதற்குள் ஏற்கெனவே போன எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் இன்னும் வெளியே வரவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

றின்ஸாவிடம் ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது.

இது பரவாயில்லை. கடை அவளுடைய புருஷன் மிப்ரானின் துணிக்கடை. வாசலோரத்து அலுமாரி மட்டும் அவள் கேட்டு வாங்கியது. அதில் செண்ட் விற்றாள். வீட்டிலும் கடையிலும் 'என்னுடையது' என்று அவள் சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதான். அந்தத் துணிச்சலில் தெமொரா என்ற பிரெஞ்சு செண்டை ஒரு பெட்டி இறக்கிவிட்டாள். ஒரு போத்தலின் விலைக்கு நல்ல சாரி ஒன்று எடுக்கலாம். அதன் விசேஷம் தேயிலை வாசம்.

தேயிலை மலையான ஊவாவில் தேயிலை வாசத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அவள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.* முகர்ந்து பார்த்தவர்கள், "கொழுந்து வாசத்துக்கு இவ்வளவு சல்லியா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள இந்தப் பொட்டி முடியல்லண்டா அலுமாரிய நான் எடுக்குறன். போன் கவர் போடுவம். அதெண்டாலும் ஓடும்," என்றான் மிப்ரான்.

"முடிஞ்சா?"

"முடிஞ்சா ஒங்களுக்கே. நான் வாய் தொறக்க மாட்டன்."

(* முதல் வரைவில் தோட்டத்துப் பெண்கள் வந்து, அந்த வாசத்தில் கண்கலங்கி, வாங்கிக்கொண்டு போனார்கள். காலையில் வாசித்துப் பார்த்து வெட்கத்தில் கிழித்துவிட்டேன்.)

3

இப்போது நூருல் இனாயா வருகிறாள். பள்ளிக்கூட டீச்சர். றின்ஸாவிடம் வழக்கமாக வேறொரு செண்ட் வாங்குபவள். அதன் பெயரைச் சொன்னால் என்னோடு பேசமாட்டாள்.

பண்டாரவளையில் ஒரு கலியாண வீட்டில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன செண்ட் இது? எங்களுக்கும் பேரச் செல்லுங்களே!"

பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை என்று கேட்டால் ஒன்றைக் குறைத்துச் சொல்கிற ஊர் எங்களுடையது. செண்டின் பெயரை மட்டும் உள்ளபடி சொல்லிவிடுவார்களா? றின்ஸாவின் அலுமாரியில் யாரும் சீண்டாமல் கிடந்த போத்தலின் பெயர் இனாயாவுக்கு ஞாபகம் வந்தது. அவள் அதை ஒருநாளும் மணந்து பார்த்ததில்லை.

"தெமொரா," என்றாள்.

அடுத்த வாரமே கடைக்கு ஆள் வந்தது. "அந்தத் தெமோதர செண்ட் ஈக்கா?" பக்கத்துத் தெமோதரை ரயில் ஸ்டேஷனைச் சொல்லிப் பழகிய வாய்க்கு அந்தப் பெயர் லேசாக வந்தது. வாங்கியவர்கள் வீட்டில் பூசிப் பார்த்து, இனாயாவின் வாசம் வரவில்லையே என்று மலைத்திருப்பார்கள். ஆனால் சாரி விலை கொடுத்தவள் ஏமாந்தேன் என்று வெளியே சொல்வாளா? என் மேனிக்கு இப்படித்தான் வரும் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இதுதான் உசத்தி என்று மற்றவளிடமும் சொன்னாள். பெட்டி காலியாகத் தொடங்கியது.

சஞ்சிகைக்கு நான் எழுத வேண்டிய பதில் இதுதான். ஆனால் அவர்கள் கேட்டது காரணம். என்னிடம் இருப்பது ஊர்வம்பு.

4

றின்ஸாவுக்கு இது தெரியுமா?

தெரியாது என்றுதான் முதலில் எழுதினேன், அவள் நல்லவளாக இருக்கட்டும் என்று. ஆனால் யார் எதை வாங்குகிறார்கள் என்று தெரியாத கடைக்காரி உலகத்தில் உண்டா? தெரியும். தெரிந்துதான் பேசாமல் இருந்தாள். கேட்டால், "நானாச் செல்லல்ல. அவங்க கேக்கவும் இல்ல," என்பாள்.

அதுவரை உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை.

5

பெருநாள் நெருங்கிவிட்டது. மிச்சம் ஒரே ஒரு போத்தல். அப்போது சுதர்ஷினி டீச்சர் வந்தாள். அப்புத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். ஆசிரியர் அறையில் பல வருடமாக இனாயாவுக்குப் பக்கத்துக் கதிரை.

"இனாயா டீச்சர் போடுறது இதுதானே றின்ஸா? அவங்ககிட்டயே கேட்டேன். தெமொரான்னாங்க."

மிப்ரான் துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். 'ஆமா' என்ற ஒரு சொல் போதும், அலுமாரி அவளுக்கே.

(அ) "ஆமா டீச்சர்," என்றாள் றின்ஸா. எழுதிவிட்டு வெட்டினேன். அவளை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

(ஆ) றின்ஸா எதுவும் சொல்லாமல் போத்தலைச் சுற்றிக் கொடுத்... இதுவும் (அ)தான், முக்காடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

(இ) "இல்ல டீச்சர். அவங்க போடுறது வேற. இத அவங்க மணந்து பாத்ததும் இல்ல."

சுதர்ஷினியின் முகம் வாடியது. "எங்கிட்டயுமா பொய் சொன்னாங்க? ஒரே டப்பால சோறு சாப்பிடுறோம்ங்க."

அவள் போத்தலை வைத்துவிட்டுப் போவாள், போன் கவர் வரும், கதை முடியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் போகவில்லை. மணிக்கட்டில் அடித்து, மூக்கருகே கொண்டுபோய், இரண்டு தரம் முகர்ந்தாள்.

"கொழுந்து வாசந்தான். ஆனா நல்லா இருக்குங்க." பிறகு சிரித்தாள். "குடுங்க. நாளைக்கு இதப் போட்டுக்கிட்டு அவங்க பக்கத்துலயே போய் ஒக்கார்றேன்."

மிப்ரான் சொன்ன சொல் தவறாமல் வாய் திறக்காமல் துணி மடித்தான். றின்ஸா காலியான தட்டைத் துடைத்தாள். துடைத்ததையே இன்னொரு தரமும் துடைத்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

6

ஆனால் மறுநாள் விடிந்துவிட்டது. ஆசிரியர் அறையில் கொப்பி திருத்திக்கொண்டிருந்த இனாயா நிமிர்ந்தாள். தெமொராவை வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாக மணந்து பார்க்கிறாள்.

"மாஷா அல்லாஹ்! மிச்சம் நல்ல வாசமா ஈக்கே சுதா. இது என்ன செண்ட்?"

அறையில் எல்லாத் தலைகளும் திரும்பின.

உள்ளதைச் சொன்னால், தெமொராதான் போடுவதாகச் சொல்லிவைத்த இனாயா அத்தனை பேருக்கும் முன்னால் தலைகுனிவாள். வேறு பெயர் சொன்னால் றின்ஸா அந்தப் பெயரில் இன்னொரு பெட்டி இறக்க வேண்டி வரும். இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். ஒன்றில் மட்டும், அன்று மத்தியானமும் அவர்கள் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். எதில் என்று சொல்லமாட்டேன்.

நீங்களும் யார் பக்கத்திலாவது பல வருடம் உட்கார்ந்திருப்பீர்கள். சுதர்ஷினிக்கு என்ன சொல்வதென்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம், இனாயா இன்னொரு தரமும் கேட்டுவிட்டாள்.