கெட்டிப் பதம்

எனக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் ஆடி அசைந்து வரும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கடைக்கு வருகிறவர்களுக்கும் தெரியும். ஆறு வருடமாக என்னோடு கூட்டுச் சேர்ந்து பாத்திரம் கழுவும் லிக்விட் தயாரிக்கிற இசக்கிசெல்விக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். அதனால் அன்றைக்கு நான் சொன்னதையும் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்துக்கொண்டாள்.

சங்கரன்கோவில் ரத வீதியில் எனக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு நீல டிரம், ஒரு மரத் துடுப்பு, ஒரு தராசு. எங்கள் கம்பெனி இவ்வளவுதான். திருநெல்வேலியிலிருந்து மாரிராஜ் என்கிற தம்பி நுரைப் பசை அனுப்புவான். அதைத் தண்ணீரில் கரைத்து, ஒருநாள் நுரை அடங்க விட்டு, எலுமிச்சை வாசனையும் பச்சை நிறமும் சேர்த்து, கடைசியில் உப்பு போடுவோம். உப்பு விழும்வரை அது வெறும் சோப்புத் தண்ணீர்தான். உப்பு கரையக் கரையத் துடுப்பு கனக்கும், தேன் பதத்துக்கு வந்துவிடும்.

"புளியங்குடி எலுமிச்சம்பழமா போடுதிய?" என்று யாராவது கேட்டால் செல்வி கொஞ்சமும் சிரிக்காமல், "வாசத்த மட்டும் எடுத்துக்கிட்டு பழத்தத் திருப்பிக் குடுத்துருவோம்" என்பாள். பாதிப் பேர் நம்பிக்கொண்டு போவார்கள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்னதானம் போடுகிற ஒரு மண்டபத்தில் ஐந்து கேன் கேட்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீர் நான்கு நாளாக வரவில்லை. எங்கேயோ குழாய் உடைந்துவிட்டதாம். கொட்டகைக்குப் பின்னால் போர்வெல் இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். செல்வி போர்த் தண்ணீரை அளந்து ஊற்றிப் பசையைக் கரைத்தாள். மறுநாள் காலையில் கடைகளுக்குப் போடப் பாட்டில் பெட்டிகளோடு திருவேங்கடம் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

உப்பு போடும் வேலை எனக்கு. எப்போதும் போல் தராசில் நிறுத்து, மொத்தமாகக் கொட்டிக் கிண்டினேன். கெட்டியாகவில்லை. இன்னும் இரண்டு கை போட்டேன். இன்னும் இளகியது. எரிச்சலில் மறுபடியும் அள்ளிப் போட்டேன். துடுப்பைத் தூக்கினால் குழாயில் இருந்து விழுகிற மாதிரி சளசளவென்று விழுந்தது. உப்பு போட்டால் கெட்டியாகும் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி. அப்படியும் கெட்டியாகவில்லை என்றால் யாரோ தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றியது செல்வி.

மத்தியானம் அவள் திரும்பி வந்தபோது கடையில் எதிரே இருக்கிற இட்லிக்கடை பாலம்மாள் மதினி நின்றிருந்தாள். வாளி வாங்க வந்த இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். செல்வியின் தங்கைக்கு அடுத்த வாரம் புது வீட்டுப் பால்காய்ப்பு. அதற்குப் பத்து பாட்டில் வேண்டும் என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். அது என் நினைவுக்கு வந்து தொலைத்தது.

"ஏட்டி, தங்கச்சி வீட்டுக்குப் பத்து பாட்டில் தேத்துறதுக்கு ரெண்டு வாளி தண்ணியக் கூட ஊத்திட்டியோ?" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

செல்வி கையில் இருந்த பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. "நான் ஊத்தலக்கா."

"பின்ன எப்படி தண்ணியாச்சு? ஆகாசத்துல இருந்து வந்துச்சா?"

அவள் பாலம்மாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொட்டகைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான்கு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும் என்று வாய் சொன்னது. கை ஐந்தாவது தடவையும் அடித்தது.

இரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது. வீணாய்ப் போன சரக்கைக் கேன்களில் ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதிதாகப் போட டிரம்மைக் கழுவினேன். அடியில் இரண்டு லிட்டர் போலக் கிடந்தது. அதில் ஒரு கப் குழாய்த் தண்ணீரை ஊற்றித் துடுப்பால் அலசினேன். துடுப்பு கனத்தது.

குனிந்து பார்த்தேன். தேன் பதம். இன்னொரு அரை கப் ஊற்றினேன். இன்னும் கெட்டி. தண்ணீர் ஊற்றினால் கெட்டியாகிற பொருளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மாரிராஜுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, உப்பு எவ்வளவு போட்டிய?"

"எப்பவும் போடுததுதான். அதுக்கு மேல ஒரு அஞ்சாறு கை."

"எந்தத் தண்ணி?"

"போர்த் தண்ணி."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "அந்தத் தண்ணியிலயே உப்பு கெடக்குமேக்கா. இந்தப் பசையில ஒவ்வொரு மாலிக்யூலுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு ஆகாது. அதனால வால எல்லாம் உள்ள ஒளிச்சுக்கிட்டு, தலைய வெளிய காட்டி, உருண்டை உருண்டையாக் கூடிக்கிடும். தலைக ஒண்ணையொண்ணு தள்ளிவிடும். உப்பு விழுந்தா அந்தத் தள்ளு குறைஞ்சு நெருங்கிக்கிடும். உருண்டை நீண்டு சேமியா மாதிரி ஆயிரும். சேமியா சிக்கிக்கிட்டா கெட்டி."

"சரி, பின்ன ஏன் தண்ணியாச்சு?"

"உப்பு மிஞ்சிட்டா சேமியா கிளை விட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். ஒட்டுன இடம் வழுக்கிக்கிட்டே ஓடும், சிக்கல் நிக்காது. தண்ணி மாதிரி ஆயிரும். இப்ப நீங்க நல்ல தண்ணி ஊத்துனதும் உப்பு குறைஞ்சு பழைய பதத்துக்கு வந்துட்டு. கொஞ்சம் பசையும் நல்ல தண்ணியும் சேருங்க, கேன் எல்லாம் சரியாயிரும்."

சரக்கு பிழைத்துவிட்டது. ஆனால் நான் டிரம் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. நாலு பேர் முன்னால் அவளைத் திருடி என்று சொல்லாமல் சொல்லியிருக்கிறேன். கெடுத்தது என் கை.

ஒரு பாட்டிலில் அந்த இளகிய சரக்கையும், இன்னொன்றில் குழாய்த் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கழுகுமலை ரோட்டில் இருக்கிற அவள் வீட்டுக்குப் போனேன். செல்வி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க" என்றாள். எழுந்திருக்கவில்லை.

"ஒரு டம்ளரும் ஸ்பூனும் குடு."

கொடுத்தாள். அரை டம்ளர் சரக்கை ஊற்றி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினேன். கெட்டியானது. செல்வி டம்ளரை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். மாரிராஜ் சொன்னதை எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். பாதி தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப நான் தண்ணியக் கூட ஊத்தியிருந்தா சரக்கு கெட்டிருக்காது."

"ஆமா."

"கெடுத்தது நீங்க அள்ளிப் போட்ட உப்பு."

"ஆமாட்டி." சேர்ந்தாற்போல இரண்டு ஆமா நான் யாரிடமும் சொன்னதில்லை. "தப்புதான். என்ன மன்னிச்சிரு செல்வி."

அவள் டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தாள். "பாலம்மா மதினி முன்னால வச்சுச் சொன்னிய. இத அவக கிட்ட யாரு சொல்லுவா?"

"நான் சொல்லுதேன்."

மறுநாள் காலை இட்லிக்கடையில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தப்பு என்னுடையது, செல்வி ஒரு சொட்டு கூட ஊற்றவில்லை என்று. பாலம்மாள் கரண்டியைக் கூட நிறுத்தவில்லை. "அது எனக்கு அன்னைக்கே தெரியுமே, ஷீலா. செல்வி அப்படிச் செய்வாளா?" என்றாள்.

அவளை இரண்டு தடவை பார்த்த யாருக்கும் தெரிந்திருக்கும். ஆறு வருடம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்குச் செல்வி வந்தாள். மண்டபத்துக் கேன்களை இரண்டு பேருமாகச் சரி செய்து அனுப்பினோம். வாசனை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், மூடி இறுக்கினாள், எல்லாம் பழையபடிதான். அடுத்த டிரம்முக்கு நான் பசையை எடுத்து வைத்துவிட்டு, வாளியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"தண்ணிய நீங்களே அளந்து ஊத்துங்கக்கா" என்றாள்.

"ஏட்டி, நீதானே எப்பவும் ஊத்துவே."

"வேண்டாம்க்கா. இனி நீங்களே ஊத்துங்க."

குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்தால் சண்டை போட்டுச் சமாதானம் ஆகியிருப்பேன், எனக்கு அது பழக்கம். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாளியைத் தூக்கினேன். ஐந்து வாளி. ஒவ்வொன்றையும் அவளுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்தி, அளவுக் கோடு பார்த்து, எண்ணிச் சொல்லி ஊற்றினேன். செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.