மூக்கர் சுமந்த சாணம்

எங்கள் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய தெருவில் மேசை நாற்காலி செய்து விற்கிற ஒருவர் இருக்கிறார். நாங்கள் வைத்த பெயர் மூக்கர். எறும்பு ஏப்பம் விட்டால்கூட அவருக்கு வாசனை தெரிந்துவிடும். அன்று காலையிலேயே வந்து கத்தினார்.

"இந்த மாசத்துக்குள்ள நாத்தம் போகலைன்னா தெருவே சேர்ந்து புகார் கொடுக்கும். அப்புறம் உங்க மாடுங்க இங்க இருக்காது, சொல்லிட்டேன்!"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "உங்க மூக்கை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வாங்க" என்றேன். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

மூக்கர் சொன்னதில் பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நாற்றம் போகத்தானே சாண எரிவாயுத் தொட்டியே கட்டினோம்? தொழுவத்துச் சாணமெல்லாம் வாய்க்கால் வழியாக அந்த மூடிய தொட்டிக்குள் போகும், காற்றுப் புகாமல் மக்கும். மேலே ரப்பர் பலூன் உப்பும், அந்த வாயுவில் அடுப்பு எரியும். மிச்சமாக வெளியே வரும் கரைசல் வயலுக்கு உரம், நாற்றமே இருக்காது. கட்டிய புதிதில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மூக்கர்கூட வாயை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் யார் கண் பட்டதோ, பலூன் சுருங்கியது, அடுப்பு அணைந்தது, வெளியே வந்த கரைசல் குடலைப் புரட்டியது.

வீட்டுக்காரர் குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. கசிவே இல்லை.

"மாடுங்களை வித்துடலாம். வியாபாரிகிட்ட சொல்லிட்டேன்" என்றார். ஒவ்வொன்றையும் கன்றிலிருந்து வளர்த்த மனுஷன், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. வந்தால் நான் அழுவேனா, திட்டுவேன். நன்றாகத் திட்டிவிட்டுத் தொழுவத்துக்குப் போனேன்.

அங்கே என் நாத்தனார், அவருடைய தங்கை, தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு தூசி இருக்க விடமாட்டாள். வாய்க்காலில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று தொட்டியை நோக்கி ஓடியது.

"என்னடி இது?"

"பினாயில் அண்ணி. தொட்டி நல்லா இருந்தப்பவே ஒருநாள் அந்த ஆள் இந்தப் பக்கம் போறப்ப மூக்கைச் சுளிச்சாரே, அதிலேருந்து ரெண்டு வேளையும் ஊத்திக் கழுவறேன்."

"அடிப்பாவி! சாணத்தை வாயுவா மாத்தறதே உள்ள இருக்கற கிருமிங்கதான்னு மேஸ்திரி படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! அதுங்களையே கொன்னுட்டியேடி!"

"என்கிட்ட யாரு சொன்னா?" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "மாடு போயிடக் கூடாதுன்னுதானே அண்ணி செஞ்சேன்..."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அதற்குமேல் அவளை எப்படித் திட்டுவது? ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

தொட்டி கட்டிய மேஸ்திரியைப் போனில் பிடித்தோம். "உள்ள இருக்கறதுல பாதியை எடுத்துடுங்க. நல்லா வேலை செய்யற தொட்டியிலேருந்து கரைசல் கொண்டாந்து ஊத்துங்க. பாலுக்கு உறை ஊத்தற மாதிரிதான்" என்றார். அப்படிப்பட்ட தொட்டி தூரத்துப் பண்ணையில்தான் இருந்தது. சாணத்தை ஏற்ற எவன் வண்டி கொடுப்பான்?

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே மூக்கர் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"உங்க மூக்குக்குப் பயந்துதான் பினாயில் ஊத்தினேன். தொட்டி செத்துப்போச்சு. உங்க வண்டி வேணும், சாணி ஏத்தணும்."

"சாணியா? நாற்காலி ஏத்தற வண்டியிலயா?"

"நாத்தம் போகணுமா வேண்டாமா?"

மூக்கர் என்னைப் பார்த்தார். அதிசயமாக நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வண்டியை அவரே ஓட்டினார், மூக்கைச் சுற்றித் துண்டோடு. பண்ணையிலிருந்து வந்து இறக்கும்போது ஒரு டிரம் சாய்ந்து அவர் சட்டையெல்லாம் கரைசல். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிங்க, நல்லா சிரிங்க" என்றபடி அடுத்த டிரம்மைத் தூக்கினார். அதன் பிறகு தினமும் வந்து, "உப்பிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் காலை பலூன் லேசாக அசைந்தது. நாத்தனார் அடுப்பைப் பற்றவைத்தாள். சின்னதாக ஒரு சுடர் நின்றது. அதே நேரம் வாசலில் வியாபாரியின் லாரி சத்தம்.

"டீ போடக்கூட இது பத்தாது. மாசமும் முடியப்போகுது, தெரு சும்மா விடுமா?" என்று வீட்டுக்காரர் முதல் மாட்டின் கயிற்றை அவிழ்த்தார். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று நான் கத்தியது அவர் காதில் விழவில்லை.

தெருவில் ஹாரன் அலறியது. போய்ப் பார்த்தால், லாரிக்குக் குறுக்கே மூக்கரின் வண்டி.

"வண்டியை எடுங்க சார்" என்றார் வியாபாரி.

"எடுக்க மாட்டேன்! டிரம் டிரம்மா சுமந்தவன் நான். சட்டை போச்சு, வண்டி இன்னும் நாறுது, என் பொண்டாட்டி என்னை வாசல்லயே நிக்கவெச்சுத் தண்ணி ஊத்தினா. தொட்டி இப்பத்தான் மூச்சு விடுது, அதுக்குள்ள மாட்டை ஏத்தறீங்களா?" என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "யோவ், கட்டுய்யா அதை! எவன் புகார் கொடுக்கறான்னு நான் பார்க்கறேன்."

வீட்டுக்காரர் கயிற்றை விட்டுவிட்டார். மாடு தானாகவே திரும்பித் தன் இடத்துக்குப் போய் நின்றது. நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள்.

"டீ போடறேன், இருங்க. அடுப்பு சின்னதாத்தான் எரியுது, நேரமாகும்" என்றேன்.

"ஆகட்டும்மா. காத்திருக்கேன்" என்றார் மூக்கர்.