துக்க வீட்டுக்கு வந்த படை

1

அன்று தகன நிலையத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மணிவாசகம், அவர் மனைவி அனுசூயா, தம்பி குணசீலன், மேல்மாடிக்காரர் ஹெர்ஷ் (யூதர், அவர்கள் மதத்தில் எரிப்பது கூடாது என்பதால் வாசலருகே நின்றார்), ஊழியர் ஒருவர். பெட்டியில் இருந்த அம்மாவைச் சேர்க்கவில்லை. 1974 பிப்ரவரி, மொன்றியால். இந்தக் கதை பிறந்த இடம் அதுதான். எழுதுகிற மணிவாசகத்துக்குத் தன்னை 'நான்' என்று எழுதிப் பழக்கமில்லை. வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

மறுநாள் ஹெர்ஷ் படியிறங்கி லாசால் பகுதியில் இருந்த மணிவாசகத்தின் வீட்டுக்குள் வந்து, யூத வேதத்தில் இல்லாத ஒரு பழங்கதை சொன்னார். யாகோபு மனைவி லேயாளை இழந்து துக்கத்தில் இருக்கிறான். அண்ணன் ஏசா நாலாயிரம் பேரோடு* வந்து கோட்டையை வளைக்கிறான். யாகோபு மதில்மேல் நின்று கேட்கிறான்: "துக்கம் விசாரிக்க வந்த லட்சணமா இது?" ஏசா மசியவில்லை. "இன்னும் எவ்வளவு நேரம்தான் சமாதானம் பேசுவீங்க அப்பா?" என்கிறான் மகன் யூதா. யாகோபு வில்லை எடுக்கிறான்.

*எண்ணிக்கை ஹெர்ஷ் சொன்னது. சரிபார்க்கவில்லை.

3

முதல் தொடக்கம்: மதில்மேல் நின்ற யாகோபு நெடியவன், நரைத்தவன், யாருக்கும் குனியாத...

(கைவிடப்பட்டது. இது மணிவாசகத்தின் பாஸ்போர்ட் படம்.)

இரண்டாவது: கீழே நின்ற ஏசா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே...

(கண்ணாடி குணசீலனுடையது.)

அனுசூயா இரண்டையும் படித்தார்.

"யாகோபு நீங்களா?"

"கதையில வர்றவன்."

"யாகோபு தம்பியாச்சே. படையோட வந்தது அண்ணன்தானே?"

"படிக்கிறவங்க அவ்வளவு தூரம் பார்க்க மாட்டாங்க."

"ஹெர்ஷ் பார்த்துட்டாரு. அந்தக் கதையை வேற எதுக்கு நம்ம வீட்டுல வந்து சொன்னாராம்?"

மணிவாசகம் பேனாவை மூடினார்.

4

அந்தக் குடும்பத்தில் தந்தைக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கொள்ளி வைப்பது வழக்கம். இங்கே கொள்ளி கிடையாது. சுவரில் ஒரு பட்டன். குடும்பத்தில் பெரியவர் யார் என்று ஊழியர் பிரெஞ்சில் கேட்டார். மணிவாசகம் முன்னால் வந்தார். அவர்தான் அழுத்தினார். [தம்பி தயங்கியதால்தான் அண்ணன்...] அடைப்புக்குள் இருப்பதை வாசகர் அடித்துவிடலாம்.

அதன்பின் குணசீலன் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை அம்மாவின் முதல் திவசம். அதையும் இளையவன்தான் செய்ய வேண்டும்.

5

முடிவு, அ: அம்பு மார்பில் பாய்ந்து ஏசா சாகிறான். தம்பியே அண்ணனை அடக்கம் செய்கிறான். பழைய மரபொன்றில் அப்படித்தான்.

முடிவு, ஆ: ஏசா படையைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தனியாக உள்ளே வந்து, தம்பியோடு தரையில் உட்காருகிறான். இது ஹெர்ஷ் அறிந்த எந்த மரபிலும் இல்லை.

எது வேண்டுமோ வாசகர் எடுத்துக்கொள்ளலாம். முதல் பிரதி குணசீலனுக்குத் தபாலில் போகிறது. வெள்ளி காலை எட்டு மணிக்கு எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்திருக்கும். கதவு திறந்திருக்கும்.

ஒரு திருத்தம். அன்று குணசீலன் கை நடுங்கிப் பின்வாங்கிவிட்டான் என்று நம்மவர்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது. முதலில் சொன்னவன் நான். அது பொய். அவன் விரல் பட்டன்மேல் இருந்தது. நான் தட்டிவிட்டு அழுத்தினேன்.